டயப்பர் செலவும் ஒரு பள்ளிக்கூடச் சம்பளமும்

கேள்வி: திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. போன ஆண்டு மலக்குடல் புற்றுநோய்க்கு ரேடியேஷனும் ஆபரேஷனும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடந்தன. சில மாதம் வயிற்றில் மோஷன் வந்து சேரும் பை இருந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால் அதை எடுத்துவிட்டுக் குடலை உள்ளே சேர்த்துவிட்டார்கள். அதிலிருந்து மோஷனை அடக்க முடியவில்லை, ஒரு நாளைக்கு எட்டுத் தடவைகூட ஆகிறது. இருமினால் சிறுநீரும் கசிகிறது. ஜட்டி மாதிரி மாட்டும் டயப்பர் தினம் நாலு, ஒன்று 42 ரூபாய். நிரந்தரமாகப் பை வைத்துவிடலாம் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் 1,40,000 ரூபாய் கேட்கிறார்கள். கடையில் விசாரித்ததில் வயிற்றில் ஒட்டும் தட்டு 380, மாட்டும் பை 190. அம்மா பெயரில் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 5 லட்சம் போட்டு 14 மாதம் ஆகிறது. அதை உடைக்கலாமா? எனக்குத் தனியார் பள்ளி அலுவலகத்தில் 14,000 சம்பளம், கணவருக்கு 28,000. வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்க்கலாமா என்றும் யோசனை. அம்மாவோ 'அந்தப் பை மறுபடியும் வேண்டவே வேண்டாம்' என்கிறார்.

பதில்: முதலில் நீங்கள் கேட்ட கணக்கையே போட்டுவிடுவோம். டயப்பர் தினம் நாலு என்றால் 168 ரூபாய், மாதம் 5,040. பைக்கு வாருங்கள். தட்டு நாலு நாள் தாங்கும் என்று வைத்துக்கொண்டால் மாதம் எட்டு வேண்டும். தட்டு மாற்றும்போது பையையும் மாற்றினால் எட்டு ஜோடி, 4,560. தோலில் தூவும் பவுடர், தட்டைச் சுற்றிப் பூசும் பேஸ்ட் என்று 600 சேர்த்தால் 5,160. ஆக, 1,40,000 ரூபாய் கட்டி வயிற்றில் கத்தி வைத்த பிறகும் மாதச் செலவு 120 ரூபாய் கூடத்தான் வருகிறது.

இது நல்ல மாதத்துக் கணக்கு. நம் ஊர்க் கத்திரி வெயிலில் வியர்வை பட்டால் தட்டின் பசை நாலு நாள் நிற்காது. மூன்று நாளைக்கு ஒன்று மாற்ற வேண்டி வந்தால் பத்து ஜோடி, மொத்தம் 6,300. அப்புறம், பையில் சேர்வது மோஷன் மட்டும்தான். சிறுநீர்க் கசிவு அப்படியே இருக்கும். ஆசனவாயை எடுக்காமல் விட்டால் அங்கிருந்து கொஞ்சம் சளி போல வருவதும் உண்டு. அதனால் சின்ன பேடாவது தினம் இரண்டு வேண்டும், 15 ரூபாய் என்று வைத்தால் மாதம் 900. பை வந்தால் டயப்பர் செலவு ஒழிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதில் மிச்சம் பிடிக்க இடம் டயப்பர் பக்கம்தான் இருக்கிறது. அந்த டயப்பருக்குள் இருக்கும் பொடி சிறுநீரை உறிஞ்சிக் கெட்டியாக்கும் பொடி. மோஷனை அது உறிஞ்சாது. ஒரு லிட்டர் பிடிக்கும் டயப்பரை ஒரு ஸ்பூன் மோஷனுக்காகச் சுருட்டி எறிகிறீர்கள். அந்த 42 ரூபாயில் நீங்கள் பயன்படுத்தாத உறிஞ்சும் சக்திக்கான விலையும் சேர்ந்திருக்கிறது. பகலில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் ஜட்டிக்குள் பேட் வைத்து, அழுக்கானால் பேடை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ராத்திரிக்கும் வெளியே போகும்போதும் டயப்பர். பகலுக்கு நாலு பேட் 60 ரூபாய், ராத்திரி டயப்பர் 42, சேர்த்து 102. மாதம் 3,060. ஏறக்குறைய 2,000 ரூபாய் மிச்சம். தண்ணியாகப் போகிற நாளில் இது சரிப்படாது, அன்றைக்கு டயப்பரே போடுங்கள்.

மதுரை பெரிய ஆஸ்பத்திரி (அரசு ராஜாஜி மருத்துவமனை) எதிரே பனகல் சாலையில் இருக்கும் சர்ஜிக்கல் கடைகளில் பெட்டிக் கணக்கில் கேட்டால் விலை இறங்கும். ஆனால் முதல் தடவையே பெட்டியாக வாங்காதீர்கள். இடுப்பையும் இடுப்புக்குக் கீழே பருத்த இடத்தையும் டேப் வைத்து அளந்து, சின்ன பாக்கெட் வாங்கித் தொடை ஓரம் கசிகிறதா என்று இரண்டு நாள் பார்த்த பிறகுதான் பெட்டி. ஈரம் தோலில் நின்று புண்ணானால் மருந்துச் செலவு இந்த மிச்சத்தை எல்லாம் விழுங்கிவிடும். ஆகவே ஜிங்க் ஆக்சைடு கிரீமில் கஞ்சம் வேண்டாம்.

இன்னும் மலிவான வழி, எட்டுத் தடவையை நாலாகக் குறைப்பது. மலக்குடலை வெட்டி மிச்சக் குடலைக் கீழே இணைத்தவர்களுக்கு இப்படி அடிக்கடி போவதை மருத்துவர்கள் லார்ஸ் என்பார்கள். பழைய குடலில் மோஷனைத் தேக்கி வைக்க ஒரு பை மாதிரி இடம் இருந்தது. இப்போது அது இல்லை. ரேடியேஷன் பட்டிருந்தால் கூடுதல் சிரமம். பலருக்கும் இது முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் மெல்ல மட்டுப்படும். உங்கள் அம்மாவுக்கு ஏழு மாதம்தான் ஆகிறது. இதற்குள் நிரந்தர முடிவு எடுப்பது, பங்குச் சந்தை விழுந்த மறுநாளே எல்லாவற்றையும் விற்பது போல. (பணக் கணக்கு பார்க்கும் தொழில் புத்தி, மன்னியுங்கள்.)

ஆபரேஷன் செய்த மருத்துவரிடமே போய் நாலு விஷயம் கேளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா? அந்த மாத்திரை பலருக்கு வயிற்றைக் கலக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றலாமா என்று கேளுங்கள். மோஷன் போவதை மட்டுப்படுத்தும் லோபரமைடு மாத்திரையை எந்த அளவில் கொடுக்கலாம்? இடுப்புத் தசைப் பயிற்சியை யார் சொல்லித் தருவார்கள்? கீழ் வழியாகத் தண்ணீர் செலுத்திக் காலையில் ஒரேயடியாகக் கழுவிவிடும் முறை அம்மாவுக்கு ஒத்துவருமா? இந்தக் கேள்விகளுக்கு ஆகும் செலவு ஒரு ஓபி சீட்டும் பஸ் டிக்கெட்டும்.

இவ்வளவு சொல்வதால் நான் பைக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். என் பெரியப்பா ஒன்பது வருடம் பையோடு இருந்தார். தட்டு மாற்றும் நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அளவு அட்டையை வைத்துப் பேனாவால் வட்டம் போட்டு, நுனி வளைந்த கத்தரியால் துளையை வெட்டுவார். துளை, வயிற்றில் வெளியே தெரியும் குடல் சதையைவிட இம்மி பெரிதாக இருக்க வேண்டும், இறுக்கினாலும் ஆகாது, இடைவெளி விட்டால் தோல் வெந்துபோகும். ஒட்டும் முன் தட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துச் சூடேற்றுவார். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் அவரே போய்க் காலி செய்துவிட்டு வந்து பேப்பர் படிப்பார். வீட்டில் வேறு யாருக்கும் அதில் வேலை இல்லை.

உங்கள் அம்மா 'அந்தப் பை வேண்டாம்' என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆபரேஷனை ஒட்டித் தற்காலிகமாக வைப்பது பெரும்பாலும் சிறுகுடல் பை. அதில் வருவது தண்ணியாக இருக்கும், தோலை அரிக்கும், நாள் முழுக்க ஓடும். இப்போது சொல்வது பெருங்குடல் பை. வருவது கெட்டியாக இருக்கும், பராமரிப்பது அதைவிட லேசு. இடது பக்கம் வைத்த சிலர், மருத்துவர் சம்மதித்தால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் அந்த வழியே தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மற்ற நேரம் சின்ன மூடியோடு நடமாடுகிறார்கள். அவர்களுக்குப் பைச் செலவும் குறையும். அம்மாவுக்கு இந்த வித்தியாசத்தை யாராவது உட்கார்ந்து சொன்னார்களா? சொன்ன பிறகும் வேண்டாம் என்றால் அத்தோடு பேச்சு முடிந்தது. வயிறு அவருடையது.

சரி, 5 லட்சத்துக்கு வருவோம். மூத்த குடிமக்கள் திட்டத்தில் பாதிப் பணம் எடுக்கும் வசதி கிடையாது. 1,40,000 வேண்டுமென்றாலும் கணக்கையே மூட வேண்டும். ஒரு வருடம் முடிந்து இரண்டு வருடம் ஆகாததால் அசலில் ஒன்றரை சதவீதம், அதாவது 7,500 ரூபாய் பிடிப்பார்கள். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் 10,250 ரூபாயும் நின்றுபோகும். மாதத்துக்குப் பிரித்தால் 3,400 சொச்சம்; மேலே சொன்ன பேட் கணக்கை அந்த வட்டியே சுமந்துவிடும். உடைக்காதீர்கள்.

நாளைக்கு அம்மாவே பை வைத்துக்கொள்கிறேன் என்றாலும் இந்தப் பணத்தைத் தொட வேண்டியதில்லை. முதல் ஆபரேஷன் காப்பீட்டு அட்டையில்தானே நடந்தது? குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரையுள்ள அந்த அட்டையில் இதுவும் வருமா என்று பழைய இடத்திலேயே கேளுங்கள், அல்லது அரசு ராஜாஜி மருத்துவமனையில் கேளுங்கள். அட்டை ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான். வீட்டுக்கு மாதாமாதம் வாங்கும் பையும் டயப்பரும் உங்கள் கைக்காசு. வரிச் சலுகை பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். உங்கள் இருவர் சம்பளத்துக்கும் புதிய முறையில் வரியே வராது, அதை மறந்துவிடுங்கள்.

கடைசியாகக் கடிதத்தில் ஓரமாக எழுதியிருக்கிறீர்களே, வேலையை விடுவது. எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. பையா டயப்பரா என்பதில் மாதம் சில நூறு, மிஞ்சினால் 4,000 சொச்சம். வேலையை விட்டால் 14,000, ஆண்டுக்கு 1,68,000. இரண்டு வருடத்தில் அம்மாவின் சேமிப்பில் பாதிக்கு மேல். எனவே இரண்டு வழியையும் வேறு ஒரு கேள்வியால் எடை போடுங்கள்: நீங்கள் காலை எட்டரைக்குக் கிளம்பிச் சாயங்காலம் ஐந்துக்கு வரும்வரை அம்மா தானாகச் சமாளிக்க எது தோது? பேடைத் தானே மாற்றிக்கொள்கிறாரா, கழிவறைக்கு எழுந்து போகிறாரா? அப்படியென்றால் இப்போதைக்குப் பேட் போதும். முடியாமல் ஒவ்வொரு தடவையும் உங்களைப் போனில் கூப்பிடுகிறார் என்றால் பைக்கு வலு கூடுகிறது. ஆனால் சர்க்கரையால் கண் மங்கியிருந்தால், விரல் மரத்திருந்தால், தட்டில் துளை வெட்டுவது உங்கள் தலையில்தான் விழும். துளை வெட்டியே வரும் தட்டு உண்டு, கடையில் கேட்கலாம். தனியார் மருத்துவமனைக்குப் போகுமுன் கண்ணையும் ஒருதரம் பரிசோதித்துவிடுங்கள்.

மதியம் ஒரு மணி நேரம் வந்து எட்டிப் பார்க்க, பக்கத்தில் தெரிந்த ஒரு பெண்மணியை வைத்துக்கொண்டு மாதம் 3,000 கொடுத்தாலும் உங்கள் சம்பளத்தில் 11,000 நிற்கும். பேட் கணக்கில் மிஞ்சும் 2,000 அதில் பெரும்பகுதியைக் கட்டிவிடும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைக்காக நர்ஸ்கள் வீட்டுக்கே வருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைப் பதிந்து வையுங்கள், அதற்குக் காசு இல்லை.

பள்ளியில் ராஜினாமா கொடுக்கும் எண்ணத்தை இந்தக் கல்வியாண்டு முடியும்வரை தள்ளிவையுங்கள். அதற்குள் அம்மாவுக்கு எத்தனை தடவை குறைந்திருக்கிறது என்று காலண்டரில் தினம் ஒரு எண் எழுதிக்கொண்டு வாருங்கள். மருத்துவரிடம் அந்தத் தாளையே கொண்டுபோய் நீட்டலாம்.