வகுப்பறையில் பொங்கல்: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு. ஜப்பானில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். ஒன்றாம் வகுப்பில் 28 பிள்ளைகள். தை பிறக்கும் வாரத்தில் ஒரு பாடவேளை, அதாவது 45 நிமிடம், பொங்கலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தீ மூட்டக்கூடாது, இண்டக்ஷன் அடுப்புதான். கோலம், கரும்பு, மாடு எல்லாவற்றையும் படமாகக் காட்டிவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

படம் வேண்டாம். பால் பொங்கி வழிவதை அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். 45 நிமிடத்துக்கு அது ஒன்றே போதும்.

மண்பானையும் பித்தளைப் பானையும் இண்டக்ஷனில் சூடேறாது. காந்தம் ஒட்டும் அடி இருக்க வேண்டும். இரண்டு லிட்டர் பிடிக்கிற, வாய் குறுகிய பாத்திரமாகத் தேடுங்கள். அகன்ற சட்டியில் நுரை பரவி அமுங்கிவிடும், வழியாது. பாதி பால், பாதி தண்ணீராக முக்கால் பாத்திரம் ஊற்றி, கழுத்தில் இஞ்சியும் மஞ்சள் கிழங்கும் கட்டுங்கள். கரண்டியால் கிளறாதீர்கள். மேலே படியும் ஆடைக்கு அடியில் ஆவி திரண்டால்தான் பால் எழும்பும். ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் எந்நேரமும் பொங்கலாம். அடுப்பை விட்டு நகராதீர்கள். வழிந்த பால் கண்ணாடித் தட்டில் பரவினால் சில அடுப்புகள் தானே நின்றுவிடும். அதனால் முதல் வழிசலிலேயே அணைத்துவிடுங்கள். சுற்றிலும் ஈரத்துணி, பிள்ளைகள் இரண்டு எட்டு தள்ளி.

பால் ஒவ்வாத பிள்ளை உண்டா என்று பெற்றோரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஒரே ஒரு பிள்ளை இருந்தாலும் எல்லாருக்கும் பால் இல்லாமலே செய்யுங்கள். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரும் கஞ்சிப்பசையால் நுரைத்துப் பொங்கும், நம் வீடுகளில் உலைக்கு ஊற்றுவதுதானே. அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனித்தட்டு வைத்தால் அது பண்டிகையே இல்லை. முந்திரியையும் விட்டுவிடுங்கள், திராட்சை போதும்.

அரிசியை அந்த நேரத்துக்குள் வேகவைக்க முடியாது. 250 கிராம் அரிசி, 60 கிராம் பாசிப்பருப்பை அரைமணி ஊறவைத்து, 800 மில்லி தண்ணீரில் குழைய வேகவைத்துக் கொண்டுபோங்கள். அங்கே கிடைக்கும் குட்டை அரிசி தானே ஒட்டிக்கொள்ளும், பருப்பைக் கூட்ட வேண்டாம். அகன்ற சட்டியில் போட்டு, பொங்கிய பாலில் இரண்டு டம்ளர் சேர்த்துச் சூடாக்குங்கள். வெல்லம் 300 கிராம், கரைத்து வடிகட்டி, அடுப்பை அணைத்த பிறகே. கொதிக்கிற பாலில் வெல்லம் விழுந்தால் திரியும். முன்னதாகப் போட்டால் அரைவேக்காட்டு அரிசி அப்படியே விறைத்து நிற்கும். வெல்லத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். ஒகினாவாவின் கருஞ்சர்க்கரை, நம்மூர் ஆலைக்கொட்டாயில் காய்ச்சுவது போலக் கரும்புச்சாற்றைக் காய்ச்சி இறக்கியதுதான். ஒரு கட்டியை உடைத்து ஆளுக்கு ஒரு துணுக்கு கொடுங்கள். கரும்பைப் பற்றிப் பேச வேண்டியதெல்லாம் அதிலேயே வந்துவிடும்.

பால் காயும் நேரத்தில் பிள்ளைகள் சும்மா இருக்கமாட்டார்கள். கறுப்பு அட்டையில் மூன்று வரிசை, மூன்று புள்ளி, விரல்நுனியால் அரிசிமாவு. மாவு கொரகொரப்பாக இருக்கட்டும். நைசான மாவு விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். மாட்டை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள். செய்தித்தாளைச் சுருட்டிக் கொம்பு செய்தால், ஆலம்பாடி மாட்டுக்கு இருப்பதுபோல உச்சியில் நெருங்கி எழுந்து பின்னால் சாயட்டும். வண்ணம் அவர்கள் இஷ்டம்.

நுரை விளிம்புக்கு வரும்போது 'பொங்கலோ பொங்கல்' சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் வாயில் அது 'பொங்கரு' என்றுதான் வரும். திருத்தாதீர்கள், நீங்களும் சேர்ந்து கத்துங்கள்.