இரண்டாவது ஸ்டிக் யாருடையது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் நின்டெண்டோவின் ‘ஸ்விட்ச்’ என்ற வீடியோ கேம் கன்சோல் இருக்கிறது. ‘கன்சோல்களில் புதிதாக எதையாவது செய்வது நின்டெண்டோ மட்டும்தான், மற்றவர்கள் காத்திருந்து காப்பி அடிப்பவர்கள்’ என்று சாதிக்கிறான். எனக்கோ எல்லாக் கன்ட்ரோலர்களும் அண்ணன் தம்பிகள் போலவே தெரிகின்றன. யார் சொல்வது சரி?

ர., கோவை

அன்புள்ள ர.,

தகப்பன் மகன் வழக்கில் என்னை நடுவராக்கிவிட்டீர்கள். உங்கள் மகன் பாதி வழக்கை வென்றுவிட்டான் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

கூட்டல் குறி வடிவத் திசைப் பொத்தானை 1982இல் ஒரு கையடக்க விளையாட்டுக் கருவிக்காக உருவாக்கியவர் நின்டெண்டோவின் குன்பே யோகோய். அதற்கு நின்டெண்டோ காப்புரிமையும் பெற்றது. சோனியின் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரைப் பாருங்கள்: அந்தக் கூட்டல் குறியின் நடுப்பகுதி மறைந்து நான்கு துண்டுகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வலப்பக்க நான்கு பொத்தான்களின் அமைப்பும், மேலே ஆள்காட்டி விரல் பதியும் பொத்தான்களும் 1990இல் வந்த நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கன்சோலில் இருந்தவை. இந்தச் சாயலுக்கு ஒரு குடும்பக் கதை உண்டு. சூப்பர் ஃபாமிகாமோடு சேரும் சிடி கன்சோல் ஒன்றைச் செய்ய நின்டெண்டோவும் சோனியும் பேசி முடித்திருந்தன. 1991இல் சிகாகோ கண்காட்சியில் சோனி அதை அறிவித்தது. மறுநாளே நின்டெண்டோ, பிலிப்ஸுடன் கைகோத்துவிட்டதாகச் சொன்னது. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு மாப்பிள்ளை மாறிய கதைதான். அந்த அவமானத்திலிருந்து எழுந்த கன்சோலில் பழைய சம்பந்தியின் முகச்சாயல் இருந்தால் நான் குறை சொல்லமாட்டேன்.

எவ்வளவு சாய்க்கிறோம் என்பதையும் உணரும் குச்சியான அனலாக் ஸ்டிக்குக்கு வந்தால் உங்கள் மகனின் கட்சி ஆட்டம் காண்கிறது. 1996இல் நின்டெண்டோ 64 அதைக் கொண்டுவந்தபோது அது புதுப் பொருளே அல்ல. 1982இலேயே வெக்ட்ரெக்ஸ், அட்டாரி 5200 என்ற கன்சோல்களில் இருந்தது. அட்டாரியின் ஸ்டிக்கோ கையை எடுத்தால் நடுவுக்குத் திரும்பவே திரும்பாது! நின்டெண்டோவிடம் கூடுதலாக இருந்தது சூப்பர் மரியோ 64. ஸ்டிக்கை லேசாகச் சாய்த்தால் மரியோ பூனை நடை நடப்பான், முழுக்கச் சாய்த்தால் ஓடுவான். ஒரு பாகம் புதுமையா என்று கேட்டால் நான் பார்ப்பது இதைத்தான்: அதற்கு எந்த விளையாட்டாவது வேலை கொடுத்ததா?

1997இல் சோனி இரண்டு ஸ்டிக்குகளை வைத்தது. விமான விளையாட்டுகளுக்காக அதற்கு முன்பே இரண்டு தடிகள் கொண்ட பெரிய பலகை ஒன்றை விற்றுவந்தது. அதைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிவிட்டது என்றும் சொல்லலாம். பல விளையாட்டுகளில் அந்த வலது ஸ்டிக் சும்மாவே கிடந்தது. பிறகு 1999இல் ஏப் எஸ்கேப் என்ற விளையாட்டு வந்தது. இடது ஸ்டிக்கில் பையன் நடப்பான், வலது ஸ்டிக்கைத் திருப்பிய திசையில் அவன் கையிலிருக்கும் வலை குரங்கின்மேல் விழும். இரண்டும் இல்லாமல் அதை ஆடவே முடியாது. இன்று முப்பரிமாண விளையாட்டுகளில் இடது கை நடக்கிறது, வலது கை பார்க்கிறது. நின்டெண்டோ 64இல் அந்தப் பார்வையைத் திருப்ப ‘சி’ என்று பெயரிட்ட நான்கு மஞ்சள் பொத்தான்கள் இருந்தன. 2001இல் நின்டெண்டோவின் அடுத்த கன்சோலான கேம்கியூப் வந்தபோது அதே மஞ்சள், அதே ‘சி’. ஆனால் பொத்தான்கள் போய் அங்கே ஒரு ஸ்டிக் முளைத்திருந்தது.

கேவலமான காப்பியும் உண்டு. நின்டெண்டோவின் ‘வீ’ கன்சோலின் கன்ட்ரோலரைக் கையில் வீசி ஆடலாம் என்று 2005இல் உலகம் அறிந்தது. அடுத்த ஆண்டு பிளேஸ்டேஷன் 3இன் கன்ட்ரோலரிலும் சாய்வை உணரும் வசதி வந்தது, முந்தைய கன்ட்ரோலரில் இருந்த, கையில் அதிரும் வசதி போய்விட்டது. வீயில் டென்னிஸ் மட்டையை வீசியவர்கள் ஏராளம். இதைச் சாய்த்து ஆடியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. 2007இல் அதிர்வைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இணையத்தில் ஆடச் சந்தா கேட்பதை மைக்ரோசாஃப்ட் 2002இல் தொடங்கியது, பிளேஸ்டேஷன் 4 அதைப் பின்பற்றியது, 2018இல் நின்டெண்டோவும் கேட்டது. இதற்கு எவரும் காப்புரிமைச் சண்டை போடவில்லை.

மகனிடம் அவனுடைய ஸ்விட்சைக் காட்டச் சொல்லுங்கள். வலது கட்டைவிரலுக்கு ஒரு ஸ்டிக் இருக்கும். ஜாய்-கான் எனும் கழற்றக்கூடிய கன்ட்ரோலர்களில் இடது பக்கத்ததில் கூட்டல் குறிக்குப் பதிலாகத் தனித்தனியாக நான்கு பொத்தான்கள் இருக்கும். கழற்றிப் பக்கவாட்டில் பிடித்தால் தம்பிக்கும் ஒரு கன்ட்ரோலர் ஆகட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள்.

அன்புடன்