பாஸ்போர்ட்டைக் கேட்டால் விசாவைக் காட்டி மிரட்டுகிறார்களா?

தம்பி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓட்டல் சமையலறையில் வாரம் 6 நாள், தினமும் 12 மணி நேரம் வேலை, பாஸ்போர்ட் முதலாளி கையில், தொழிற்சங்கத்தில் சேர்ந்தால் விசாவை ரத்து செய்துவிடுவேன் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் வயிறு எரிந்தது. நானும் அப்படி ஒரு தந்தூரி அடுப்பு முன்னால் நின்றவன்தான்.

முதலில் பாஸ்போர்ட். அது இந்திய அரசின் சொத்து, முதலாளி பிடித்து வைக்க முடியாது. கொடுக்க மறுத்தால் டர்பனிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, போய்ச் சொல்லுங்கள்.

விசாவை ரத்து செய்வது தென்னாப்பிரிக்க உள்துறை, முதலாளி இல்லை. ஆனால் உங்கள் விசா அந்த வேலையோடு கட்டியது என்றால், கோபத்தில் வேலையை விட்டுவிடாதீர்கள். இதில் மட்டும் நிதானம் வேண்டும்.

இங்கே அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு சங்கம் சேரும் உரிமையை எல்லாத் தொழிலாளிக்கும் தருகிறது, குடிமகனுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நீக்கினால் 30 நாளுக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் சிசிஎம்ஏ ஆணையத்தில் புகார் கொடுங்கள். கட்டணம் கிடையாது. வேலை பர்மிட் இல்லாதவரும் தொழிலாளிதான் என்று 2008இலேயே தீர்ப்பு வந்திருக்கிறது.

வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி, அதுவும் வாரத்துக்கு 10 மணி நேரம் வரைதான். உங்களுடையது 72!

இன்று இரவே ஒரு சின்ன நோட்டில் வந்த நேரம், போன நேரம் எழுதத் தொடங்குங்கள். சுவரில் ஒட்டிய ஷிப்ட் அட்டவணையை போட்டோ எடுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவுகிறவர், பரிமாறுகிறவர் என்று நாலு பேராகச் சேர்ந்து, ஓட்டல் தொழிலாளர்களையும் சேர்க்கும் சாக்காவு சங்கத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள்.