தூண்களும் கமிட்டியும்

அன்புள்ள அக்கா,

பல வருஷமாக சான் டியேகோவில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். இங்கே கொரனாடோ பாலத்துக்குக் கீழே சிகானோ பார்க் என்று ஒன்று இருக்கிறது. சிகானோ என்றால் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர். போன மாதம்தான் முதன்முறையாகப் போனேன். தூணுக்குத் தூண் ஓவியம், பிரமாதம். ஆனால் வரைந்தவர்களைப் பற்றித் தேடிப் படித்தபோது வருத்தமாகிவிட்டது. பாதி ஆயுள் ஊர்வலம், மனு, கமிட்டிக் கூட்டம் என்றே போயிருக்கிறது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து வரைந்திருந்தால் மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா மாதிரி உலகப் புகழ் பெற்றிருக்க மாட்டார்களா? அரசியல் கலந்தால் கலை வெறும் போஸ்டராகிவிடாதா? நீங்களும் நூலகக் கமிட்டி என்று அலைகிறீர்கள், நாவல் நின்றுபோயிற்று. என் மகளுக்குப் பதினாறு வயது. ஓவியம்தான் படிப்பேன் என்கிறாள். சனிக்கிழமைகளில் அந்தப் பார்க்குக்குப் போய் உதவியும் செய்கிறாள். அவளை ஓவியம் படிக்க விடலாமா?

அன்புடன்,
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நூலகக் கமிட்டியின் வரவுசெலவு நோட்டைக் காணாமல் வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சல் கொஞ்சம் உங்கள் மேல் விழும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரிவேரா. நல்ல ஆளைப் பிடித்தீர்கள்! மெக்சிகோவின் கல்வி அமைச்சகச் சுவர்களில் அரசாங்கத்தின் காசில் வருஷக்கணக்காக வரைந்த மனிதர், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்வதும் வெளியேற்றப்படுவதுமாக இருந்தவர். அவரைப் போய் ஸ்டுடியோவுக்குள் உட்கார வைத்துவிட்டீர்களே. போஸ்டர் என்றால் அப்படி என்ன இளக்காரம்? எஸ்தர் ஹெர்னாண்டஸ் 1982இல் செய்த ‘சன் மேட்’டைப் பாருங்கள். ‘சன் மெய்ட்’ என்ற கம்பெனியின் உலர்திராட்சைப் பெட்டியில் சிரிக்கும் பெண்ணை அப்படியே எலும்புக்கூடாக்கிவிட்டார். திராட்சைத் தோட்டத்துப் பூச்சிமருந்து எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பண்ணைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை அவர். போஸ்டர் பேச்சு இதோடு போதும்.

நீங்கள் வேலைக்கு எந்தச் சாலையில் போகிறீர்கள்? ஐந்தாம் எண் நெடுஞ்சாலை என்றால் உங்களுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. லோகன் ஹைட்ஸ் என்ற மெக்சிகோ வம்சாவளிக் குடியிருப்பை 1963இல் இரண்டாகப் பிளந்துகொண்டு போனது அந்தச் சாலைதான். பிளந்ததில் மிஞ்சிய பகுதியின் தலைமேல் 1969இல் கொரனாடோ பாலம் வந்தது. வீடுகள் போன இடத்தில் தூண்கள் நின்றன. பாலத்தடியில் பூங்கா தருகிறோம் என்றது அரசு. 1970 ஏப்ரல் 22 காலையில் மாரியோ சொலிஸ் என்ற மாணவர் அந்தப் பக்கம் போனபோது புல்டோசர்கள் நின்றிருந்தன. என்ன வேலை என்று விசாரித்தால், வரப்போவது நெடுஞ்சாலைக் காவல்துறையின் நிலையம். அவர் வீடுவீடாகவும் கல்லூரி வகுப்புக்கும் ஓடிச் சொன்னார். பிள்ளைகளும் பாட்டிகளும் கைகோத்து இயந்திரங்களைச் சுற்றி நின்றார்கள். மண்வெட்டி கொண்டுவந்து கள்ளியும் பூச்செடியும் நட்டார்கள். பன்னிரண்டு நாள் இடத்தை விட்டு நகரவில்லை. பூங்கா கிடைத்தது.

இதுவரை எல்லாரும் சொல்கிற கதைதான். சினிமாவுக்குத் தோதான பகுதி. எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம், அதைத்தான் நீங்கள் வீண் என்கிறீர்கள்.

சால்வடோர் டோரஸ் அந்தப் பேட்டையில் வளர்ந்த ஓவியர். இந்தத் தூண்களில் வரையலாம் என்ற எண்ணம் அவருடையது. ஆனால் தூண்கள் அரசின் சொத்து. 1970இல் பூங்கா கிடைத்தும் 1973 வரை தூரிகை படவில்லை. இடையில் நடந்தது என்ன? கூட்டம், கடிதம், அனுமதி, மறுபடி கூட்டம். பிறகு சிமெண்டை ஆசிட் ஊற்றித் தேய்த்துக் கழுவி, சாயம் பிடிக்கிற மாதிரி பூச்சு கொடுக்க வேண்டும். முதல் முறை சுவரை எல்லாருக்கும் திறந்துவிட்டபோது இருநூறு முந்நூறு பேர் ரோலரோடு வந்து இஷ்டத்துக்கு அப்பிவிட்டார்கள் என்று விக்டர் ஒச்சோவா என்ற ஓவியர் நினைவுகூர்ந்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்குமேல் காத்திருந்த ஓவியர்கள் ஓரமாக நின்று அதைப் பார்த்தார்கள். அந்தப் பொறுமையை ஸ்டுடியோவில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியுமா, சொல்லுங்கள்.

அத்தோடு முடிந்ததா? 1990களில் பூகம்பத்துக்குத் தாங்கும்படி பாலத்தூண்களை வலுப்படுத்தும் திட்டம் வந்தது. வேலை நடந்தால் ஓவியம் போகும். பூங்காக் கமிட்டி மறுபடி கூடியது. பொறியாளர்களோடு உட்கார்ந்து பேசியது. தூணும் வலுப்பட்டது, ஓவியமும் பிழைத்தது. 2016இல் அந்த இடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். போலீஸ் நிலையம் கட்டப் பார்த்த இடம்!

பொதுவாழ்க்கை என்றதும் நம்மாட்களுக்கு மேடையும் சால்வையும்தான் ஞாபகம் வருகிறது. நான் சொல்வது யார் ஏணி கொண்டுவருவது, சாயம் வாங்கிய ரசீது யாரிடம், பாட்டிக்கு அந்தக் குதிரையின் முகம் பிடிக்கவில்லை என்றால் அவளுக்கு யார் பதில் சொல்வது என்கிற வாழ்க்கை. கலை வரலாறு எழுதுகிறவர்கள் இதை அடிக்குறிப்பில்கூடச் சேர்ப்பதில்லை.

நானும் அங்கே போயிருக்கிறேன். தலைக்கு மேலே லாரிகள் ஓடும் அதிர்வு காலில் தெரிந்தது. ஒரு தூணடியில் வயதானவர் ஒருவர் குட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உரிந்த சாயத்தைக் கத்தி முனையால் நெம்பிக்கொண்டிருந்தார். மேலிருந்து கசிந்த தண்ணீர் ஒரு உருவத்தின் கன்னத்தில் துருக்கோடாக இறங்கியிருந்தது. நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு ஒரு செதிலை என் உள்ளங்கையில் வைத்தார். விளிம்பில் பார்த்தால் மேலே சிவப்பு, நடுவில் காவி, அடியில் வெளுத்த மஞ்சள். திரும்பத் திரும்பத் தீட்டியிருக்கிறார்கள். உங்கள் ஓவியமா என்று கேட்டேன். முகத்தைச் சுளித்தார். வரைந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டாராம், இவர் பார்த்துக்கொள்கிறாராம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அருங்காட்சியகக் கணக்கும் போட்டுப் பார்த்துவிடுவோம், அதுதானே உங்கள் கவலை. யோலாண்டா லோபெஸ் உங்கள் ஊர்க்காரர், அதே லோகன் ஹைட்ஸில் வளர்ந்தவர். 1969இல் சான் பிரான்சிஸ்கோவில், கைதான லத்தீன் இளைஞர்களுக்காக நடந்த போராட்டத்தில் போஸ்டரும் பத்திரிகையும் வடிவமைத்துக் கொடுத்தார். அந்தக் கையால்தான் 1978இல், மெக்சிகோ மக்கள் கும்பிடும் குவாடலூப்பே மாதாவின் இடத்தில் தன்னையே நிறுத்தி, ஓட்டக்காரியின் ஷூவோடு, ஒரு கையில் பாம்பைப் பிடித்தபடி தாவ வைத்தார். அந்த வரிசையிலேயே அவர் அம்மா தையல் மெஷினில் குனிந்து மாதாவின் நட்சத்திரப் போர்வையைத் தைத்துக்கொண்டிருக்கிறார். பாட்டி கத்தியும் உரித்த பாம்புத்தோலுமாக உட்கார்ந்திருக்கிறார். தையல் வேலை பார்த்தே குடும்பத்தை ஓட்டிய அம்மா அவர். இந்த ஓவியருக்கு முதல் தனி அருங்காட்சியகக் கண்காட்சி எப்போது நடந்தது தெரியுமா? 2021 அக்டோபரில், சான் டியேகோவில். செப்டம்பரில் அவர் இறந்துவிட்டார். உலகப் புகழுக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தால் அவருக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

எல்லாரும் சுவரில்தான் வரைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஆஸ்கோ என்ற சிகானோ கலைஞர் குழுவுக்குச் சுவரோவியம் என்றாலே கிண்டல். அவர்கள் 1972இல் தாங்களே சுவரோவியம்போல வேஷம் கட்டி விட்டியர் பூலவார்டில் நடந்து போனார்கள். அவர்களும் தெருவுக்குத்தான் வந்தார்கள்.

ஐயோ, உங்கள் மகள். அவளை ஓவியம் படிக்க விடலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். சனிக்கிழமைதோறும் அந்தப் பார்க்குக்குப் போய்க்கொண்டிருக்கும் பெண்ணை நீங்கள் என்ன விடுவது? அங்கே என்ன வேலை தருகிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? தூரிகை கழுவவும் ஏணி பிடிக்கவும்தான் விட்டிருப்பார்கள். அப்படியும் போகிறாள் என்றால் கல்லூரி விண்ணப்பத்துக்குப் பணம் எடுத்துவையுங்கள். பிழைப்புக்கு என்ன செய்வாள் என்ற பயம் நியாயமானதுதான், அதை நான் மழுப்பப் போவதில்லை. நீங்கள் இருக்கிறவரை சோற்றுக்குக் கவலையில்லை, அதற்குள் அவள் ஒரு வழி பண்ணிக்கொள்வாள்.

என் நாவல் நின்றதற்கும் கமிட்டிக்கும் சம்பந்தமில்லை. ஏழாம் அத்தியாயத்தில் மாமியார் சாக வேண்டும், அவள் சாக மாட்டேன் என்கிறாள்.

ஏப்ரலில் சிகானோ பார்க் தினம் வரும். தரையை ஒட்டத் தாழ்த்திய பளபளக்கும் கார்களும் ஆஸ்டெக் நடனமுமாகக் கூட்டம் நெரியும், பார்க்கிங் கிடைக்காது. ட்ராலியில் போய் பேரியோ லோகன் நிறுத்தத்தில் இறங்குங்கள். மகள் பின்னால் நடங்கள், முன்னால் நடக்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா