கடன் பணத்தில் பேக்டெஸ்ட்: மார்ஜின் கணக்கு குறித்த கேள்வி பதில்

வர்த்தக உத்திகளைப் பழைய விலைகளில் சோதித்துப் பார்க்கும் (அதுதான் பேக்டெஸ்ட்) உறுப்பினர்கள் மார்ஜின் கடன் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் இந்தியச் சந்தையின் எம்.டி.எஃப் (மார்ஜின் டிரேடிங் ஃபெசிலிட்டி) வசதியை ஒட்டியவை. தரகர் பணத்தின் ஒரு பகுதியைக் கொடுக்க, வாங்கிய பங்கையே அடமானம் வைத்திருக்கும் முறை அது.

கேள்வி: சொந்தப் பணம் 10 லட்சம், கடன் 10 லட்சம். உத்தியின் தினசரி வருமானத்தை இரண்டால் பெருக்கி, வட்டியைக் கழித்தால் போதாதா?

போதாது. இரண்டால் பெருக்கும்போது, ஒவ்வொரு நாள் முடிவிலும் கடனைச் சொந்தப் பணத்துக்குச் சமமாகத் திருத்தி அமைப்பதாக, அதாவது விலை ஏறியதும் மேலும் கடன் வாங்கி, இறங்கியதும் விற்றுக் கடனை அடைப்பதாக, நீங்கள் அறியாமலே கொள்கிறீர்கள். 20 லட்ச ரூபாய்ப் பங்குகள் ஒரு நாள் 20 சதவீதம் இறங்கி, மறுநாள் 25 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான கணக்கில் பங்கின் மதிப்பு 16 லட்சமாகி, மீண்டும் 20 லட்சத்துக்கு வருகிறது. கடன் 10 லட்சமாகவே நிற்பதால் உங்கள் பணமும் வட்டி நீங்கலாகப் பழைய 10 லட்சத்துக்குத் திரும்புகிறது. பெருக்கல் கணக்கிலோ 40 சதவீதம் போய் 6 லட்சம், பிறகு 50 சதவீதம் ஏறி 9 லட்சம். ஆகவே பங்கின் சந்தை மதிப்பு, கடன் நிலுவை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான சொந்த மூலதனம் என்று அட்டவணையில் மூன்று பத்திகளை நாள்தோறும் எழுதிக்கொண்டு வாருங்கள். மற்ற எல்லாமே இவற்றிலிருந்துதான் பிறக்கின்றன.

கேள்வி: வட்டியை எப்படிக் கணக்கிடுவது? என் தரவில் சந்தை நடந்த நாட்கள் மட்டுமே இருக்கின்றன.

பலர் தடுக்கி விழும் இடம் இது. 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் என்றால் நாளொன்றுக்கு 411 ரூபாய். தரவில் ஆண்டுக்குச் சுமார் 250 வரிசைகள்தான் இருக்கும். வரிசைக்கு 411 ரூபாய் வீதம் கழித்தால் 1,02,750 ரூபாய் வரும். ஆனால் தரகர் சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறைகளுக்கும் சேர்த்து 1,50,000 ரூபாய் வசூலிப்பார். அடுத்தடுத்த இரண்டு தேதிகளின் வித்தியாசத்தை எடுத்து, அத்தனை நாட்களுக்கும் வட்டி போடுங்கள்.

கேள்வி: பத்து ஆண்டுச் சோதனைக்கு ஒரே வட்டி வீதத்தை வைக்கலாமா?

வைக்க வேண்டாம். ரெப்போ வீதம், அதாவது வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி, 2020 மே மாதம் 4 சதவீதத்துக்கு வந்து, 2022 மே வரை அங்கேயே இருந்து, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தை எட்டியது. உங்கள் தரகரின் பழைய வீதங்கள் கிடைக்காவிட்டால், ரெப்போவுக்கு மேல் ஒரு நிலையான இடைவெளியை வைத்துக் கணக்கிட்டு, பிறகு அந்த இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஓர் உத்தியின் சராசரி ஆண்டு வருமானம் 14 சதவீதம், ஏற்ற இறக்கம் (திட்ட விலக்கம்) 20 சதவீதம் என்றால், கூட்டு வளர்ச்சி ஏறக்குறைய 12 சதவீதம். ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்தில் பாதி, அதாவது 2 சதவீதம், கழிந்துவிடுகிறது. எப்போதும் இரண்டு மடங்கு நிலையை வைத்திருந்தால் வருமானம் 28 ஆகிறது, ஆனால் அந்தக் கழிவு நான்கு மடங்காகி 8 ஆகிவிடுகிறது. வட்டி 12 சதவீதமானால் கையில் நிற்பது 8 சதவீதம்தான். கடனே வாங்காமல் இருந்தால் 12 கிடைத்திருக்கும். வட்டி 6 சதவீதமானால் 14 நிற்கும். உத்தி ஒன்றுதான், கடன் தகுமா தகாதா என்பதை வட்டி வீதமே தீர்மானித்துவிடுகிறது.

கேள்வி: மார்ஜின் காலை (சொந்தப் பணம் தேவையான அளவுக்குக் கீழே போனால் தரகர் கூடுதல் பணம் கேட்பதை) எப்படிச் சேர்ப்பது?

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2017 ஜூன் மாதச் சுற்றறிக்கையின்படி, எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பட்டியலில் உள்ள பங்குக்கு வி.ஏ.ஆர் மார்ஜினுடன் (பங்கின் வழக்கமான இறக்கத்தை ஒட்டிக் கணக்கிடுவது) இ.எல்.எம்மின் (அதையும் மீறிய இழப்புக்கான கூடுதல் மார்ஜின்) மூன்று மடங்கும், மற்றவற்றுக்கு ஐந்து மடங்கும் குறைந்தபட்ச ஆரம்ப மார்ஜின், அதாவது வாங்கும்போது நீங்கள் போட வேண்டியது. வி.ஏ.ஆர் மாறிக்கொண்டே இருப்பது, சந்தை கொந்தளிக்கும்போது உயர்வது. பாதிக் கடனில் வாங்கியவருக்கு, சந்தை மதிப்பில் சொந்த மூலதனமாக இருக்க வேண்டிய அளவு 25 சதவீதமாக இருந்தால் விலை 33 சதவீதம் இறங்கும்வரை இடமுண்டு. அதுவே 40 சதவீதமானால் சுமார் 17 சதவீதத்திலேயே எல்லை முடிந்துவிடும்.

2020 ஜனவரியில் நிஃப்டி சுமார் 12,360-ல் இருந்தபோது, அதன் 50 பங்குகளையும் அதே எடையில் பாதிக் கடனில் ஒருவர் வாங்கினார் என்று கொள்வோம். மார்ச் 12 அன்று நிஃப்டி 9,590-ல் முடிந்தபோது 40 சதவீத எல்லை கடந்துவிட்டது. மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610-ல் முடிந்தபோது 25 சதவீத எல்லையும் பின்னால் போய்விட்டது. அதே ஆண்டு நவம்பரில் குறியீடு பழைய உச்சத்தைத் தாண்டியது. மார்ஜின் காலைச் சேர்க்காத பேக்டெஸ்ட் இவரை நவம்பர் வரை நிம்மதியாக உட்கார வைத்திருக்கும்; உண்மையில் கூடுதல் பணம் போடாதிருந்தால் மார்ச்சிலேயே தரகர் விற்றிருப்பார். எல்லையை முடிவு விலையில் பார்க்காமல் அன்றைய குறைந்த விலையில் பாருங்கள்; விற்பனையை மறுநாள் தொடக்க விலையில், அதைவிடச் சற்றுக் குறைவாகவே விற்றதாக எழுதுங்கள். லோயர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் இறங்க அனுமதிக்கப்பட்ட கடைசி விலையில்) பூட்டிய பங்குக்கு அன்று விற்பனையே நடக்கவில்லை என்று கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாப் பங்குக்கும் கடன் கிடைத்ததாகக் கொள்ளலாமா?

கூடாது. முந்தைய 6 மாதங்களில் சுமார் 80 சதவீத நாட்களாவது வர்த்தகமாகி, தாக்கச் செலவு (உங்கள் ஆணையே விலையை நகர்த்துவதால் ஆகும் செலவு) 1 சதவீதத்துக்கு மிகாத முதல் பிரிவுப் பங்குகளுக்கே எம்.டி.எஃப் உண்டு. இன்றைய பட்டியலை 2018-க்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: நான் கடனே வாங்கவில்லை. இருந்தும் மென்பொருளில் ரொக்கம் சில நாட்களில் மைனஸ் காட்டுகிறது. பிழையா?

ஆம், அது வட்டியில்லாக் கடன். விற்பதற்கு முன்பே வாங்கும் ஆணைகள் நிறைவேறினாலோ, நேற்றைய முடிவு விலையில் எண்ணிக்கையை நிர்ணயித்து இன்றைய உயர்ந்த தொடக்க விலையில் வாங்கினாலோ இப்படி ஆகும். எனக்கும் இது நேர்ந்திருக்கிறது: ஓர் உத்தியைப் பல வாரங்கள் நம்பியிருந்த பிறகு, ரொக்கப் பத்தியைத் தனியே வரைந்து பார்த்தபோதுதான் பாதி நாட்களில் அது பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது தெரிந்தது. முதலில் அந்தப் பத்தியின் குறைந்தபட்ச மதிப்பைப் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்கப் பங்குகளில் சோதிக்கிறேன். என்ன மாற வேண்டும்?

ஆரம்ப மார்ஜின் 1974 முதல் 50 சதவீதம். பராமரிப்பு மார்ஜின், அதாவது வாங்கிய பிறகு எப்போதும் இருக்க வேண்டிய சொந்த மூலதனம், குறைந்தபட்சம் 25 சதவீதம், தரகர்கள் கூடுதலாகவும் கேட்பார்கள். டாலர் கடனுக்கு ஆண்டை 360 நாட்களாகக் கொண்டு தினசரி வட்டி போடுவது வழக்கம் என்பதால், 365-ஆல் வகுக்கும் உங்கள் நிரல் வரியை மாற்றிவிடுங்கள்.