டாஸ்மாக் பக்கத்தில் இன்னொரு கடையா?

கேள்வி: கனடாவிலும் ஜெர்மனியிலும் கஞ்சாவைச் சட்டப்படி அனுமதித்துவிட்டார்கள். நம் அரசே மது விற்கும்போது கஞ்சாவையும் முறைப்படுத்தி விற்றால் என்ன? கள்ளச் சந்தை ஒழியும், கஜானாவும் நிறையுமே?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: கஜானாவைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். ஆள்பவர்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள் என்பதால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் கையில் இருக்கிறது. 2024-25இல் அதிலிருந்து வந்த வருவாய் 48,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஐந்நூறு கடைகளை மூடினோம் என்று இரண்டு கட்சி ஆட்சிகளுமே அறிவித்துப் பார்த்தன. வருவாய் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. இப்படிப் பழகிய கையில் இன்னொரு போதைப் பொருளின் கல்லாச் சாவியையும் கொடுக்கச் சொல்கிறீர்கள். கொடுத்தால், இன்னும் எத்தனை பேர் அடிமையாவார்களோ என்ற கவலையா வரும்? தீபாவளிக்கு எவ்வளவு விற்றது என்ற கணக்குதான் வரும்.

கனடா 2018 அக்டோபரில் திறந்துவிட்டது. வயது வரம்பு, உறைமேல் வீரிய அளவு, கவர்ச்சிப் படமில்லாத பொட்டலம், கையில் வைத்திருக்க 30 கிராம் வரம்பு என்று பலதும் வைத்தார்கள். நீங்கள் சேர்த்துச் சொல்லும் ஜெர்மனி வேறு வழி போனது. 2024 ஏப்ரல் முதல் பெரியவர்கள் வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம், அந்த ஜூலை முதல் லாப நோக்கில்லாத சங்கத்தில் உறுப்பினராகியும் பெற்றுக்கொள்ளலாம். தெருவில் கடை வைக்க அங்கே அனுமதி கிடையாது. தாய்லாந்தோ 2022இல் கட்டவிழ்த்துவிட்டது. மூலைக்கு மூலை கடை முளைத்ததும் 2025இல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று திரும்பிக்கொண்டது. இவற்றில் எதை இங்கே கொண்டுவரச் சொல்கிறீர்கள்?

எதைக் கொண்டுவந்தாலும் நடத்தப்போவது நம் நிர்வாகம்தான். மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. நெல்லை வண்ணார்பேட்டையிலோ தென்காசிச் சாலையிலோ எந்தக் கடைக் கம்பிக்குள் கையை நீட்டியவனிடம் வயதுச் சான்று கேட்டார்கள்? குட்காவுக்கு 2013இல் தடை போட்டார்கள். இன்றைக்கும் பழக்கப்பட்ட முகம் தெரிந்தால் பெட்டிக்கடைக்காரரின் கை மிட்டாய் பாட்டிலுக்குப் பின்னால் போய்த் திரும்புகிறது. ஒரு ரூபாய் ஷாம்பு வாங்க வந்த பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. வளரும் வயதில் கஞ்சா பழகினால் மனநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதில் மருத்துவர்களுக்குள் பெரிய தகராறு இல்லை. ஆகவே கடை வேண்டாம் என்பதே என் பதில்.

ஆனால் உங்கள் கேள்வியின் இன்னொரு பாதியை ஒதுக்க முடியவில்லை. இப்போதிருக்கும் சட்டம் யாரைப் பிடிக்கிறது?

1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவை எடை போட்டுத்தான் பார்க்கிறது. ஒரு கிலோ வரை சிறு அளவு, அதிகபட்சம் ஓராண்டு. ஒரு கிலோவைத் தாண்டினால் பத்தாண்டு வரை போகலாம். இருபது கிலோவுக்கு மேல் வணிக அளவு. பத்தாண்டுக்குக் குறையாது, ஜாமீனும் குதிரைக் கொம்பு. நீதிமன்ற வாசலில் டீ குடிக்கும் வழக்கறிஞர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஆயிரத்து நூறு கிராம், ஆயிரத்து இருநூறு கிராம் என்று கோட்டைச் சற்றே தாண்டி நிற்கும் வழக்குகளைச் சொல்லிச் சிரிப்பார்கள். தராசுக்கு இவ்வளவு துல்லியம் எங்கிருந்து வந்ததோ! ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து, ரயிலேறி, தூத்துக்குடிக் கடற்கரை வழியாக இலங்கைக்குப் போகும் சரக்கின் முதலாளி அந்தத் தராசில் ஏறுவது அபூர்வம். ஏறுகிறவன் பையைச் சுமந்த கூலிக்காரனும், புகைத்துப் பழகிய பத்தொன்பது வயதுக்காரனும்தான். போதாததற்குக் குண்டர் சட்டம் வேறு.

நம் நெல்லை மாவட்டத்துக்கென்று தனி வசதி ஒன்றும் கஞ்சாவால் கிடைத்திருக்கிறது. எங்கே வெட்டு விழுந்தாலும் ‘கஞ்சா போதையில் இளைஞர்கள்’ என்று செய்தியை முடித்துவிடலாம். எந்தத் தெருக்காரன் எந்தத் தெருக்காரனை வெட்டினான், எதற்கு என்று எழுத வேண்டாம் பாருங்கள். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத்தான் கழற்றச் சொன்னது. கஞ்சாவை நாளைக்கே ஒழித்தாலும் அந்தக் கயிறு அவிழாது.

சட்டத்தை மாற்றுவது சென்னையின் கையில் இல்லை, அது நாடாளுமன்றத்தின் வேலை. ஆனால் சென்னையின் கையில் இருப்பதையே அது செய்யவில்லை. இதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. புகைத்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர் போதைக்கு அடிமையாக இருந்து, தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால், அவர்மேல் வழக்கு நடத்தக் கூடாது. பிடிபட்ட பையனின் தாயிடம் எந்தக் காவல் நிலையத்தில் இதைச் சொல்கிறார்கள்? அவள் தாலிக்கொடியை அடகு வைத்து ஜாமீனுக்கு அலைகிறாள்.

பனையேறியின் கள்ளுக்கு 1987 முதல் தடை இருக்கிறது; ஆலைச் சாராயத்துக்கு அரசே கடை நடத்துகிறது. பனைக்குப் பேர்போன உடன்குடிப் பக்கம் போய் ஆள்பவர்கள் இதற்கு நியாயம் சொல்லிவிட்டு வரட்டும், கஞ்சாவைப் பற்றி அப்புறம் பேசலாம். அதுவரை நான் கேட்பது இரண்டுதான்: புகைத்தவனைச் சிறைக்கு அனுப்புவதை நாடாளுமன்றம் நிறுத்தட்டும், 64ஏ பிரிவைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு காவல் நிலையச் சுவரிலும் மாநில அரசு ஒட்டட்டும். இரண்டாவதற்குப் பசையும் தாளும் போதும்.