போனில் காட்டிய துண்டுக்கு நித்திரைக் குளிசை ஏன் தருவதில்லை?

அம்மாவுக்கு வைத்தியர் எழுதிய குளோனசெபாம் என்ற நித்திரைக் குளிசையின் மருந்துத் துண்டைப் போனில் படமாகக் காட்டியும் கொழும்பு வெள்ளவத்தைப் பார்மசியில் தரவில்லை, இது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். இது பனடோல் மாதிரி கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற சாமான் இல்லை. பழகினால் விடுவது கடினம். ஒரே படத்தைக் காலி வீதியில் பத்துக் கடைகளில் காட்டலாம், மூலத் துண்டில் கடைக்காரர் முத்திரை குத்தி, கொடுத்த அளவையும் திகதியையும் எழுதிவிட்டால் அந்த விளையாட்டு நடக்காது. வைத்தியரின் கையொப்பம், பதிவு எண், எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். மோர்பின் போன்ற கடும் வலி மருந்துகளுக்குப் பிடி இன்னும் இறுக்கம்: பூட்டிய அலுமாரி, தனிப் பதிவேடு. இவற்றைக் கட்டுப்படுத்தும் இலங்கையின் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது; அதோடு 2015இன் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் இருக்கிறது. கடைக்காரரோடு சண்டை பிடிக்காமல் மூலத் துண்டைக் கொண்டுபோங்கோ. அதுவரை அம்மா குளிசையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. கையிருப்பு முடிகிறதென்றால் இன்றைக்கே வைத்தியருக்குச் சொல்லுங்கோ.